தைப்பூசத்துக்குப் பினாங்கில் வீடு எடுப்போர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசம் முடிந்த கையோடு, பினாங்கில் எடுத்த ஹோம்ஸ்தே வீட்டைப் பற்றிய குறைகள் நாளிதழ்களின் வாசகர் பகுதிக்கு வரத் தொடங்கிவிடும். படத்தில் பார்த்த வீடு வேறு, சாவி கொடுத்த வீடு வேறு, முன்பணம் திரும்பவில்லை, காவலாளி உள்ளே விடவில்லை. ஏமாற்றுகிற உரிமையாளர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல வரவில்லை. ஆனால் தீவில் வாடகை வீடுகளைப் பராமரிப்பவர்கள் என்ற முறையில் எங்கள் கணிப்பு வேறு. தேர் எப்போது புறப்படுகிறது, எந்த வழியே போகிறது என்று பார்க்காமல், நீச்சல் குளத்தையும் விலையையும் மட்டும் பார்த்து வீடு எடுப்பதால் வருகிற மனக்கசப்புதான் அதிகம்.

முதலில் இரவுக் கணக்கு. பினாங்குத் தைப்பூசம் மூன்று நாள் விழா. பூசத்துக்கு முந்தின நாள் செட்டிப் பூசம். அன்று அதிகாலையிலேயே குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவிலிலிருந்து வேல் ஏறிய தங்க ரதமும், பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி ரதமும் முருகன் கோவில் உள்ள தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படுகின்றன. வெள்ளி ரதம் காரைக்குடியில் செய்து 1894இல் இங்கே வந்து சேர்ந்தது. தங்க ரதம் 2017இலிருந்துதான் ஓடுகிறது. வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டும் தேங்காய்க் குவியலுமாக நிற்பதால், சும்மா நடந்தால் இரண்டு மணி நேரம்கூட ஆகாத தூரத்தைக் கடக்கத் தேருக்கு இரவாகிவிடும். மறுநாள் பூசம்: காவடி, பால்குடம், மலையேற்றம். அதற்கும் மறுநாள் மாலை தேர் ஊர் திரும்பும்.

இப்போது வாடகை வீட்டின் மணிக்கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி. காலி செய்வது முற்பகல் 11 அல்லது நண்பகல் 12. 2026இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வந்தது. "சனி, ஞாயிறு இரண்டு இரவு போதும்" என்று எடுத்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? ஜனவரி 31 சனிக்கிழமை 3 மணிக்குச் சாவி வாங்கும்போது தேர் விடியலில் புறப்பட்டுப் பாதி வழியைத் தாண்டியிருக்கும், சாலைகள் மூடியிருக்கும், பெட்டியும் பிள்ளைகளுமாகக் காரில் உட்கார்ந்தபடி உரிமையாளருக்கு அழைத்துக்கொண்டிருப்பார்கள். தேர் புறப்பாட்டைப் பார்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமை 30ஆம் தேதியே வீட்டுக்குள் இருந்தாக வேண்டும். அது மூன்று இரவு. தேர் திரும்புவதையும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவோம் என்றால் திங்கள் இரவையும் சேர்த்து நான்கு. நான்கு இரவுக்குப் பணம் இல்லையென்றால் கடைசி இரவை விடுங்கள், முதல் இரவை விடாதீர்கள். பலர் செய்வது இதற்கு நேர்மாறு.

தேதியும் நிலையாக நிற்பதில்லை. 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. இதில் விலையைத் தீர்மானிக்கிற ஒரு நுணுக்கம் உண்டு. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருகிறது. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் பௌர்ணமிதான். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே பௌர்ணமியில் வந்து விழும். 2025இல் தைப்பூசம் 11ஆம் தேதி, சாப் கோ மே 12ஆம் தேதி. வேறு ஆண்டுகளில், 2026இல் நடந்ததுபோல, பூசம் சீனப் புத்தாண்டுக்கு முந்திய பௌர்ணமிக்குப் போய்விடும். ஒன்றாக வருகிற ஆண்டில் இரு சமூகத்தாரும் ஒரே நேரத்தில் ஊர் திரும்புவதால் அறை கிடைப்பதே பாடு. அந்த ஆண்டுகளில் தீபாவளி முடிந்ததும் பதிவு செய்துவிடுவது நல்லது. எந்த ஆண்டானாலும், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையாகப் பார்த்து எடுங்கள், சற்று விலை கூடினாலும் பரவாயில்லை. காவடி எடுக்கிற குடும்பத்தில் ஒரு தீட்டு வந்துவிட்டால் பயணமே நின்றுபோகும். "பணம் திரும்பாது" என்ற சலுகை விலை அப்போதுதான் சுடும்.

அடுத்தது இடம். தேர் நகர மையத்தை விட்டு ஜாலான் டத்தோ கெராமாட், ஜாலான் உத்தாமா வழியாக ஜாலான் கெபுன் பூங்காவை அடைகிறது. தண்ணீர்ப் பந்தல்களும் கூட்டமும் அடர்வது இந்த வழியில்தான். இதன் மேலேயே வீடு எடுத்தால் பால்கனியிலிருந்து தேரைப் பார்க்கலாம், உண்மை. ஆனால் கார் உள்ளே மாட்டிக்கொண்டால் சாலை திறக்கும்வரை வெளியே வராது. பந்தல் ஒலிபெருக்கி கேட்கும்; கைக்குழந்தை உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். தேர் முன்னே உடைக்கிற தேங்காய்கள் மலைபோல் குவிந்து, மண்வாரி இயந்திரம் வைத்து அள்ள வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் சாலை முழுக்கச் சிரட்டையும் வழுக்குகிற தேங்காய்த் தண்ணீரும். வெறுங்காலோடு நடக்கிற வேண்டுதல் இல்லாதவர்கள் கனத்த அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டு வரவும்.

எங்களைக் கேட்டால் புலாவ் தீக்குஸ் பக்கம்தான் சரியான இடம். ஜாலான் பர்மாவில் சாப்பாட்டுக் கடைகளும் சந்தையும் கிட்டவே இருக்கின்றன. ஜாலான் கோட்லிப் வழியே தண்ணீர்மலை அடிவாரத்துக்கு நடந்தே போய்விடலாம். லிட்டில் இந்தியாவுக்குள்ளோ அதைச் சுற்றியோ தங்கினால் தேர் புறப்பாடு வாசலில் நடக்கும், பூக்கடையும் இட்லிக் கடையும் அருகில். ஆனால் அங்கே கிடைப்பவை பெரும்பாலும் பழைய கடைவீடுகள். மரப்படி செங்குத்தாக இருக்கும், கழிவறை பல வீடுகளில் கீழே மட்டும்தான், லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலிக்கிற பெரியவர்களை அங்கே ஏற்றாதீர்கள். மறுநாள் மலையில் 513 படி வேறு காத்திருக்கிறது.

தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி பக்கம் கொண்டோ எனும் அடுக்குமாடி வீடுகள் விசாலம், கடல் தெரியும். சாதாரண நாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விழா நாளில் செயலியில் அழைக்கிற கிராப் வாடகைக் கார் வரத் தாமதமாகும், வந்தாலும் மூடிய சாலைக்கு வெளியிலேயே இறக்கிவிடும். தாவரவியல் பூங்கா வரை போகிற ரேப்பிட் பினாங்கு 10ஆம் எண் பேருந்தையும் அந்த நாள்களில் நம்ப முடியாது, பாதை மாறும். (பேருந்தில் ரொக்கம் கொடுத்தால் சில்லறை திருப்பித் தர மாட்டார்கள்; சரியான தொகையாக வைத்துக்கொள்ளுங்கள்.) தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் மலிவாக வீடு எடுப்பவர்கள் இரவில் கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்வது அவசியம். மலையிறங்கி ஜெட்டிக்கு வந்து சேரும்போது அது போயிருந்தால் பாலம் வழியே கார்தான்.

காவலாளி உள்ளே விடாத கதைக்கு வருவோம். இதில் வாடகைக்கு வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் இருக்கிறது. பினாங்கு அரசு 2023இல் கொண்டுவந்த வழிகாட்டியின்படி, தீவில் குடியிருப்பு வகை அடுக்குமாடி வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு விடக் கூடாது. வணிக வகை நிலத்தில் கட்டிய சர்வீஸ் அபார்ட்மெண்ட் போன்றவற்றில், கட்டடத்தின் வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த நிர்வாகக் கழகத்தின் ஒப்புதலோடு மாநகர் மன்றத்தில் பதிவு செய்து நடத்தலாம். அதற்கு முன்பே, 2020 அக்டோபரில், கோலாலம்பூர் மோண்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றின் வழக்கில் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: குறுகிய கால வாடகையைத் தடுத்து நிர்வாகக் கழகம் துணைவிதி இயற்றினால் அது செல்லும். விதியை மீறும் உரிமையாளருக்கு 200 ரிங்கிட் வரை அபராதமும் விதிக்கலாம். ஆகவே காவலாளி உங்களை நிறுத்தினால் அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. தடுக்கச் சொன்னது அந்தக் கட்டடத்தின் மற்ற வீட்டு உரிமையாளர்கள். அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் கட்டுமுன் கட்டடத்தின் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினாலே விட்டுவிடலாம். பெயர் கிடைத்ததும் அதன் நிர்வாக அலுவலகத்துக்கு நீங்களே அழைத்து, "தினவாடகை அனுமதி உண்டா, விருந்தினர் பெயரை முன்கூட்டிப் பதிய வேண்டுமா?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். "காவலாளி கேட்டால் என் சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்" என்று உரிமையாளர் செய்தி அனுப்பினால் அதுவே பதில். சாவிப் பெட்டியைக் கட்டடத்துக்கு வெளியே வேலிக் கம்பியிலோ தெருவோரத்திலோ மாட்டி வைத்திருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. உள்ளே வைக்க அனுமதி இல்லாததால்தான் வெளியே தொங்குகிறது.

அனுமதி உள்ள கட்டடத்திலும் அக்செஸ் கார்டுத் தொல்லை உண்டு. எட்டுப் பேருக்கு ஒரு கார்டுதான் தருவார்கள், அதிகம் போனால் இரண்டு. கார்டைத் தட்டாமல் லிஃப்ட் உங்கள் மாடிக்கு ஏறாது. தைப்பூசத்தன்று குடும்பம் மூன்றாகப் பிரியும்: காவடியோடு ஒரு கூட்டம், பிள்ளைகளோடு வீடு திரும்புகிற கூட்டம், பந்தலில் சோறு வாங்க நிற்கிற கூட்டம். கார்டு யாரிடம் இருக்கும் என்பதைக் காலையிலேயே பேசிவையுங்கள். கூட்டத்தில் தொலைத்தால் அதற்கென்று தனிக் கட்டணம் உண்டு. மயில் காவடியை வீட்டில் பூட்டி எடுத்து வரலாம் என்று நினைப்பவர்களுக்கு: லிஃப்ட் கதவு பெரும்பாலும் ஒரு மீட்டர் அகலம்கூட இராது. பாகம் பாகமாகக் கொண்டுபோய்க் காவடி கட்டும் இடத்திலேயே பூட்டுங்கள்.

"8 பேர் தங்கலாம்" என்ற வாசகத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அது படுக்கைக் கணக்கு. பூசத்தன்று கணக்கு குளியலறையில் இருக்கிறது. ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால், ஒரே குளியலறையில் எட்டுப் பேர் குளிக்க இரண்டு மணி நேரம். நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டுமானால் முதல் ஆள் ஒன்றே முக்காலுக்கு எழ வேண்டும். இரண்டு குளியலறை உள்ள வீடாகப் பாருங்கள், படுக்கை குறைந்தாலும் பாய் விரித்துக்கொள்ளலாம்.

சமையலறை பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு, வந்து திகைப்பவர்கள் அதிகம். புதிய கொண்டோக்களில் காஸ் அடுப்பு அரிது, இண்டக்ஷன் அடுப்புதான். காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இல்லாத பாத்திரத்தை அது சூடாக்காது. வீட்டிலிருந்து தூக்கி வருகிற அலுமினிய இட்லிக் குண்டான் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். கெட்டியாக ஒட்டினால் அந்தப் பாத்திரத்தை எடுத்து வாருங்கள். எவர்சில்வரிலும் சில வகை ஒட்டாது. விரதம் இருப்பவர்கள் எப்படியும் சொந்தப் பாத்திரம் கொண்டு வருவதே சரி. வாடகை வீட்டுச் சட்டியில் முந்தின வாரம் என்ன சமைத்தார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. தமிழகத்திலிருந்து வருகிற உறவினர்கள் கொண்டுவரும் உருண்டைக் கம்பிப் பிளக் இங்கே சேராது. இங்குள்ளது தட்டையான மூன்று கம்பிப் பிளக். மின்னழுத்தம் அங்கே போலவே 230 வோல்ட் என்பதால் மாற்றுப் பிளக் ஒன்று இருந்தால் போதும், வேறு கருவி தேவையில்லை.

வீட்டுக்குள் கற்பூரம் ஏற்றாதீர்கள். கூரையில் உள்ள புகை உணர்கருவிக்குப் பூசையும் தீ விபத்தும் ஒன்றுதான். மணி அடித்தால் கட்டடம் முழுவதும் இறங்கி வரும், பிறகு உரிமையாளருக்கும் உங்களுக்கும் கணக்குப் பேச வேண்டிவரும். சின்ன நெய் விளக்கையும் ஒருமுறை கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

முன்பணம் பிடிக்கப்படுவதற்கு விழாக் காலத்தில் முதல் காரணம் உடைந்த கண்ணாடி அல்ல, மஞ்சள். வாடகை வீட்டுத் துண்டும் விரிப்பும் வெள்ளையாகத்தான் இருக்கும். மஞ்சள் நீரும் குங்குமமும் பட்டால் துவைத்து மீட்பது கடினம். சோப்பு பட்ட மஞ்சள் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பதறி மேலும் சோப்பு போடுவார்கள். அதற்குச் சோப்பைவிட வெயில் நல்லது: அலசிவிட்டு நேர் வெயிலில் காயப் போட்டால் பெரும்பாலும் வெளுத்துவிடும். அடர்நிறத் துண்டுகளை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். புது மஞ்சள் வேட்டியைச் சலவை இயந்திரத்தில் மற்றத் துணியோடு போடாதீர்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படமெடுத்து உரிமையாளருக்கே அனுப்பிவிட்டால், பழைய கீறலுக்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள்.

சிங்கப்பூரிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ வருபவர்களுக்குச் சுற்றுலா வரி உண்டு: அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. 2023 தொடக்கத்திலிருந்து இணைய முன்பதிவுத் தளங்களே இதை வசூலிக்கின்றன. ஆகவே ரசீதில் அந்தத் தொகை இருந்தால், உரிமையாளர் கையில் தனியாகக் கேட்கும்போது ரசீதைக் காட்டுங்கள்.

தைப்பூசத்துக்கு ஒத்துவராத வீடு வேறு விழாவுக்கு அருமையாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோவிலில் மாசி மகத்தன்று தெப்பம் கடலில் மிதக்கும்; அதற்குப் பத்து பெரிங்கி கொண்டோவைவிட வசதி வேறில்லை. 101ஆம் எண் பேருந்தும் அந்தக் கடற்கரை வழியேதான் போகிறது. சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஒன்பதாம் நாள் பிறக்கும் நேரத்தில், நகரக் கடலோரச் சீனக் குடியிருப்பான சியூ ஜெட்டியில் ஹொக்கியன் சீனர்கள் கரும்பு வைத்து வானத்து அரசருக்குச் செய்யும் பூசையைப் பார்க்க வேண்டுமானால் நகர மையத்துக் கடைவீடுதான் தோது. அன்று நள்ளிரவு தாண்டியும் வெடிச் சத்தம் ஓயாது, தூக்கத்தை மறந்துவிடுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது ஒன்பது பேரரசர் விழா. சீன நாள்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் முதல் ஒன்பது நாள், பெரும்பாலும் அக்டோபரில் வரும். மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் சைவம்தான் விற்பார்கள். தட்டில் இறைச்சி, மீன் வடிவில் எது கிடந்தாலும் சோயாவோ மாவோதான், அஞ்ச வேண்டாம். அந்த ஒன்பது நாள் வாடகை வீட்டில் அடுப்பே பற்றவைக்கத் தேவையிராது.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாலை மூடும் நேரமும் தேர்ப் பாதையும் விழா நெருங்கும் நேரத்தில்தான் செய்தியாக வருகின்றன. மக்கள் வீட்டுக்குப் பணம் கட்டுவதோ அதற்கு மூன்று மாதம் முன்பு. சென்ற தைப்பூசத்தில் எந்தச் சாலை, எத்தனை மணிக்கு மூடி எத்தனை மணிக்குத் திறந்தது என்ற பட்டியலைத் தீபாவளி வாரத்திலேயே ஒருமுறை அச்சிடுங்கள். இந்த ஆண்டு சற்று மாறலாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் போதும். வீடு விடுகிற தமிழ் உரிமையாளர்களும், "கோவிலுக்கு அருகில்" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், வீட்டின் கார்பாக் (கார் நிறுத்துமிடம்) வாசல் எந்தச் சாலையில் திறக்கிறது என்பதை விளம்பரத்தில் குறிப்பிட வேண்டும். ஒரே கட்டடத்துக்கு முன்வாசல் மூடிய சாலையிலும் கார்பாக் வாசல் திறந்த சாலையிலும் இருப்பதுண்டு. அந்த ஒரு வரி தெரிந்திருந்தால் காரோடு வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பாலம் ஏறும்போதே தெரிந்துகொள்வார்கள்.

இப்படிக்கு,
வாடகை வீடுகளைப் பராமரிக்கும் சிலர்,
புலாவ் தீக்குஸ், பினாங்கு.